“நான் கடைசில போட்டுக்கறேன்”: எச்ஐவி ரிசல்ட்டுக்கு அப்புறம் ஊசி எந்தப் பக்கம் போச்சு, கோலாலம்பூர்ல ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த கேஸ எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கெடக்கு. கோலாலம்பூர்ல ஊசி போடறவங்க மத்தியில நான் அவுட்ரீச் வேலை (அவங்க இருக்கற எடத்துக்கே போய் புது ஊசி குடுக்கறது) பாத்த காலத்துல, சௌகிட் பக்கம் ஏழு வருஷம் தொடர்ந்து பாத்துப் பழகின ஒருத்தரோட கதை இது. பேரு போடல, வயசு வேலையெல்லாம் கொஞ்சம் மாத்தியிருக்கேன், எந்த லோரோங்குன்னு (சந்துன்னு) கேக்காதீங்க. அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன், “என் மூஞ்சி வராதுல்ல, அப்ப எழுதிக்கம்மா”ன்னாரு. கீழ அவர அண்ணன்னே சொல்றேன், அப்படித்தான் கூப்பிட்டேன்.

எழுதக் காரணம் என்னன்னா, ட்ரெய்னிங்ல எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது ஒண்ணு, போர்ட்டுல (ஊசி போடக் கூடற எடத்துல) பாத்தது இன்னொண்ணு. ஆளு டெஸ்ட் பண்ணிக்கிட்டா, பாசிட்டிவ்னு தெரிஞ்சா, ஊசி பகிர்றத விட்டுடுவாரு, இல்ல குறைச்சிடுவாருன்னு சொன்னாங்க. பொய்னு சொல்ல மாட்டேன். ஆனா அண்ணன் விஷயத்துல ரிசல்ட் வந்து மாறினது “பகிர்வாரா மாட்டாரா”ங்கறது இல்ல, யாரோட பகிர்வாரு, எத்தனாவது ஆளா போடுவாருங்கறது. இது ரெண்டும் வேற வேற விஷயம்னு புரியறதுக்கே எனக்கு மூணு வருஷம் ஆச்சு.

ஆளப் பத்தி

தோட்டத்துல, அதாங்க எஸ்டேட்ல, பொறந்தவரு, முதலாளிங்க அத வித்து அங்க வீடு கட்ட ஆரம்பிச்சதும் குடும்பத்தோட செந்தூல் பக்கம் வந்துட்டாங்க. லாரில கெலிண்டான் (உதவியாள்) வேலை. பத்தொம்பது வயசுல ஃபிட்டு, அதாங்க ஹெராயின், முதல்ல புகையா இழுக்கறதுதான், அப்புறம் காசு பத்தாம ஊசிக்கு வந்தாரு. அதே அளவு பொருளு ஊசில போட்டா ஏறும், புகையில பாதி காத்துல போயிடும், கணக்கு அவ்ளோதான். புகைக்கறவங்க ஊசிக்கு மாறறதுக்கு நான் கேட்ட காரணத்துல முக்காவாசி இதே காசுக் கணக்குதான், வேற பெரிய மனோதத்துவம்லாம் ஒண்ணும் இல்ல.

ரெண்டு தடவ கட்டாய மறுவாழ்வு மையத்துக்குப் போய் வந்தாரு, 1983ஆம் வருஷத்து சட்டப்படி அப்ப ரெண்டு வருஷம் உள்ள வெப்பாங்க. வெளிய வந்த அன்னிக்கு சாயந்திரமே போட்டாருன்னு அவரே சிரிச்சிக்கிட்டு சொன்னாரு. 2011ல ஜெயிலு, உள்ள போறப்ப ரத்தம் எடுப்பாங்க, அங்கதான் பாசிட்டிவ்னு தெரிஞ்சது.

அப்ப நாட்டு நெலமைய ஒரு வார்த்தை சொல்லிடறேன். மலேசியாவுல முதல் எச்ஐவி கேஸ் 1986ல. அதுலேர்ந்து பத்து பதினஞ்சு வருஷம் புதுசா வந்த கேஸ்ல பெரும்பாலானது ஊசி வழியாத்தான். 2002ல ஒரே வருஷத்துல 6,978 புது கேஸ், அதுதான் உச்சம். 2005 கடைசில அரசாங்கம் மெத்தடோன் (ஹெராயினுக்குப் பதிலா குடுக்கற மருந்து) ஆரம்பிச்சது, 2006ல ஊசி மாத்திக் குடுக்கற திட்டம். இதுக்காக மல்லுக்கட்டினவங்கள்ல டாக்டர் அதீபா கமாருல்ஸாமான் பேர எல்லாரும் சொல்வாங்க, மலாயா பல்கலைக்கழகத்து தொத்துநோய் டாக்டர், மலேசிய எய்ட்ஸ் கவுன்சில் தலைவரா இருந்தவங்க. சாமியாருங்க, பொலிஸ், அரசியல்வாதிங்க எல்லாரும் “ஊசி குடுத்து ஊசி போடச் சொல்றீங்களா”ன்னு கேட்ட நேரம் அது. அதுக்கப்புறம் ஊசி வழி தொத்து சரசரன்னு எறங்கி, 2010 வாக்குல உடலுறவு வழி பரவறது முந்திடுச்சு. ஆக அண்ணனுக்குத் தெரிஞ்சது அலை எறங்கிக்கிட்டு இருந்த நேரத்துல. ஆனா அவருக்கு எப்ப ஒட்டுச்சுன்னு அவருக்கே தெரியாது, எத்தனை வருஷமா தெரியாமலே மத்தவங்களுக்கு முன்னாடி போட்டிருப்பாருன்னும் தெரியாது. அந்தப் பேச்சு வந்தாலே ஒரு தினுசா அமைதியாயிடுவாரு.

ஒரே பிளாக்

ஜெயில்ல பாசிட்டிவ் ஆளுங்கள தனி பிளாக்ல போட்டாங்க. வெளிய யாரும் யோசிக்காத ஒரு விளைவு இதுல இருக்கு. வெளிய ஒருத்தன் இன்னொருத்தன்கிட்ட “எனக்கு இருக்கு”ன்னு சொல்லவே மாட்டான், ஆனா ஒரே பிளாக்ல இருந்தவங்களுக்கு சொல்ல வேண்டியதே இல்ல, பிளாக் நம்பரே சொல்லிடும். அப்படித்தான் ஒரு மலாய்க்காரர் அண்ணனுக்குப் பழக்கமானாரு, அவர பாங்னு (மலாய்ல அண்ணன்) சொல்றேன். 2012ல ரெண்டு பேரும் சில மாச இடைவெளில வெளிய வந்து, ஒரே போர்ட்டுல சேந்தாங்க. போர்ட்னா கடை பின்னால இருக்கற சந்து, பாதி இடிஞ்ச கடைவீடு, அந்த மாதிரி எடம்.

நான் முதல் தடவ அண்ணன்கிட்ட புது ஊசி வெச்ச கிட் குடுத்தப்ப நாலு ஊசி எடுத்துக்கிட்டாரு, பாங் ஒண்ணும் எடுத்துக்கல. “அவருக்கு வேணாமா”ன்னேன். “நாங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு போதும்மா, ரெண்டு பேருக்கும் ஒரே சீக்குதான, புதுசா என்ன வந்துடப் போகுது?” அப்ப எனக்கு பதில் சட்டுன்னு வரல. பொலிஸ் புடிச்சா கையில ஊசி கம்மியா இருக்கறது நல்லதுன்னு வேற நினைச்சிருக்காரு, அதும் நியாயமான பயம்தான்.

புதுசா வர்றதுக்கு நெறைய இருக்கு. ஹெபடைடிஸ் சி ஊசில எச்ஐவிய விட சுலபமாப் பரவும், காலி ஊசிக்குள்ள வாரக்கணக்குல உயிரோட இருக்கும். ஒருத்தருக்கு மருந்துக்கு மசியாத வகை எச்ஐவி இருந்தா அதுவும் இன்னொருத்தருக்கு ஏறலாம். சீழ் புடிக்கறது, இதய வால்வுல தொத்து, இதெல்லாம் தனி. 2013ல அண்ணனுக்கு ஹெப் சி டெஸ்ட் பாசிட்டிவ், பாங்குக்கும்தான். யாருலேர்ந்து யாருக்குன்னு கேட்டா என்ன சொல்றது.

பாசிட்டிவ் ஆளு பாசிட்டிவ் ஆளோட மட்டும் பகிர்றது உலகம் பூரா பாத்த விஷயம்தான். நியூயார்க்ல டான் டெஸ் ஜார்லேன்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் 2004ல எழுதினாங்க: தனக்கு இருக்குன்னு தெரிஞ்சவங்க தன் ஊசிய அடுத்தவங்களுக்குக் குடுக்கறத கொறைச்சுக்கறாங்க, பகிர்ற வட்டமும் சின்னதாகுது, ஊரளவுல தொத்து கொறைஞ்சதுக்கு இது ரெண்டும் ஒரு காரணம்னு. தெரிஞ்சதால வர்ற அக்கறைன்னு வெச்சுக்கலாம். அத அண்ணன்கிட்ட நான் கண்ணால பாத்தேன், ஆனா அவங்க பேப்பர்ல இருக்கற மாதிரி சுத்தமா இல்ல.

மூடி

அந்த போர்ட்டுல மூணாவதா ஒரு பையன் இருந்தான், இருபத்தஞ்சு இருக்கும், அவன சின்னவன்னு சொல்றேன். மூணு பேரும் காசு சேத்துத்தான் வாங்குவாங்க, தனித்தனியா வாங்கறதுக்கு யார்கிட்ட இருக்கு. சேத்து வாங்கினா சேத்துத்தான் கரைக்கணும், தூளா பிரிச்சா எவனுக்கு கூட எவனுக்கு கொறைச்சல்னு சண்டை வரும், தண்ணில கரைச்சு ஊசி கோடு பாத்து பிரிச்சா சண்டை இல்ல.

ஒரு மத்தியானம் நான் பக்கத்துல குந்தியிருந்தப்ப பாத்தத அப்படியே சொல்றேன். மினரல் பாட்டில் மூடி ஒண்ணு, சிகரெட் ஃபில்டர்லேர்ந்து பிச்ச பஞ்சு கொஞ்சம். அண்ணன் கரைச்சாரு. சின்னவன் நான் குடுத்த புது ஊசியால முதல்ல உறிஞ்சினான், அப்புறம் பாங், அண்ணன் கடைசி. முன்ன மாதிரி ரெண்டு பேருக்கும் ஒண்ணு இல்ல, அப்ப அண்ணன்கிட்ட அவரு ஊசி, பாங்குகிட்ட அவரு ஊசி. என்னப் பாத்து பெருமையா, “பாத்தியாம்மா, நான் எப்பவும் கடைசில போட்டுக்கறேன், சின்னவனுக்கு ஒண்ணும் ஆகாது”ன்னாரு. நானும் சந்தோஷமா தலையாட்டிட்டேன். பத்து நிமிஷம் கழிச்சு பஞ்சுல மிச்சம் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு கொஞ்சம் தண்ணி விட்டு, போட்டு முடிச்ச அதே ஊசிய அண்ணன் மூடிக்குள்ள விட்டுக் கலக்கினாரு. அந்த மிச்சத்துல பாதிய சின்னவன் எடுத்துக்கிட்டான்.

ஊசி வேற வேறதான். மூடி ஒண்ணு, பஞ்சு ஒண்ணு, தண்ணி ஒண்ணு.

அண்ணன ஏமாத்துக்காரர்னு நினைச்சிடாதீங்க. அவருக்குத் தெரிஞ்ச அளவுக்கு அவரு சின்னவன காப்பாத்தத்தான் பாத்தாரு. எங்க போஸ்டர்லயும் “ஊசி பகிராதே”ன்னுதான் இருந்துச்சு, மூடின்னு ஒரு வார்த்தை இல்ல. அன்னிக்கு ராத்திரி ஆபீஸ்ல நான் எழுதின ஃபார்ம்ல “கடந்த 30 நாளில் ஊசி பகிர்ந்தாரா?” கேள்விக்கு “இல்லை”னு டிக் அடிச்சேன். பதில் சரி, கேள்வி தப்பு.

இன்னொண்ணு, கடைசில போடறதுன்னா அவருக்கு பங்கு கொறையும். மூடில கடைசியா உறிஞ்சறவனுக்கு பஞ்சுல போனது போக மிச்சந்தான். கியான், அதாங்க பொருளு இல்லாத தவிப்பு, புடிச்சு ஒடம்பு முறுக்கற நேரத்துல அந்த கொஞ்சத்த விட்டுக் குடுக்கறது எவ்ளோ பெரிய விஷயம்னு போட்டவங்களுக்குத்தான் தெரியும். சின்னவன் ஒரு நாளு “ஏன்ணே எப்பவும் கடைசி”ன்னு கேட்டிருக்கான், “பெரியவன் விட்டுக் குடுக்கறதுடா”ன்னு சொல்லி சமாளிச்சிட்டாரு. சொல்லியிருந்தா? போர்ட்டுல இருந்து தொரத்தியிருப்பாங்க, போர்ட் போனா பொருளு வாங்கற வழியும் போச்சு. வீட்டுல அம்மாகிட்ட மட்டும் சொல்லியிருந்தாரு, அவங்க யார்கிட்டயும் மூச்சு விடல, ஆனா மறுநாளுலேர்ந்து அவரு தம்ளர தனியா வெச்சாங்க. தம்ளர்ல பரவாது. பரவற சாமானத்த போர்ட்டுல யாரும் தனியா வெக்கல.

நெகட்டிவ் சீட்டு

சின்னவன் கதை எனக்கு இன்னும் உறுத்துது. அவன நான்தான் டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போனேன், 2013ல ஒண்ணு, 2014ல ஒண்ணு, ரெண்டும் நெகட்டிவ். சீட்ட மடிச்சு ஐசி (அடையாள அட்டை) பின்னால வெச்சுக்கிட்டான். யாரோட போட்டாலும் சீட்ட எடுத்துக் காட்டி “நான் கிளீன், நான் முதல்ல”ன்னு வாங்கிக்குவான். முதல் ஆளா போட்டா பாதுகாப்புதான, ஆமா, ஊசியும் மூடியும் புதுசா இருந்தா. ஆனா அந்த சீட்டு அவனுக்கு ஒரு தாயத்து மாதிரி ஆயிடுச்சு, அதுக்கப்புறம் எங்ககிட்ட ஊசி வாங்கறதே கொறைஞ்சு போச்சு. டெஸ்ட் சொல்றது ரத்தம் எடுத்த அன்னிக்கு நெலமையக் கூட இல்ல, அதுக்கு முன்னால உள்ளத. விரல் குத்தற ரேப்பிட் டெஸ்டுக்கு மூணு மாசம் வரைக்கும் இடைவெளி இருக்கும். அதுவும் புதுசா ஒட்டின முதல் சில வாரம்தான் ரத்தத்துல கிருமி ஏகமா இருக்கும், அப்ப அவன் கையில நெகட்டிவ் சீட்டு இருக்கும். போர்ட்டுலயே ஆபத்தான ஆளு தெரிஞ்ச பாசிட்டிவ் இல்ல, தெரியாத ஆளுதான்.

ஒரு தடவ தொத்து இருக்கற ஊசியப் போட்டா ஒட்டற வாய்ப்பு சராசரியா பத்தாயிரத்துக்கு 63ன்னு கணக்கு சொல்வாங்க. கேட்டா கம்மியா தெரியும். ஒரு நாளைக்கு மூணு தடவ போடறவனுக்கு வருஷத்துக்கு ஆயிரத்து சொச்சம்.

மெத்தடோன், அப்புறம் நாங்க விட்ட கோட்டை

2013 கடைசில அண்ணன் மெத்தடோன்ல சேந்தாரு. தெனமும் காலைல கிளினிக், சிரப்ப நர்ஸ் முன்னாடியே குடிக்கணும். 60 மில்லிகிராம்ல நின்னாரு, ஊசி வாரத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு ஆச்சு, லாரி வேலைக்கும் திரும்பினாரு. 2014ல சிடி4 (எதிர்ப்பு சக்தி அணு கணக்கு) எறங்கிடுச்சுன்னு ஏஆர்வி, அதாவது எச்ஐவி மருந்து, ஆரம்பிச்சாங்க, முதல் வரிசை மருந்து அரசாங்கத்துல இலவசம்தான். அந்த மாத்திரைல எஃபாவிரென்ஸ்னு ஒரு மருந்து இருந்துச்சு.

பத்து நாளு கழிச்சு போர்ட்டுல பாக்கறேன், மூக்கு ஒழுகுது, கொட்டாவி, ஒடம்பெல்லாம் புல்லரிப்பு. “மெத்தடோன் குடிச்சீங்களாண்ணே?” “குடிச்சேம்மா, ஏறவே இல்ல. தண்ணி கலந்து குடுக்கறானுங்க போல.” நானும் வெகுளியா, இவரு டோஸ் ஏத்தறதுக்கு நடிக்கிறாருன்னு நினைச்சேன், எழுத வெக்கமாத்தான் இருக்கு. உண்மை என்னன்னா எஃபாவிரென்ஸ் கல்லீரல முடுக்கி விட்டு மெத்தடோன சீக்கிரமா கழிச்சிடும், ரத்தத்துல பாதி அளவுக்குக் கூட எறங்கிடும். ஒரு வாரம் ரெண்டு வாரத்துல கியான் வரும். காசநோய் மருந்து ரிஃபாம்பிசினும் இதே வேலைய பண்ணும். டோஸ ஏத்தினா போதும். ஆனா மெத்தடோன் ஒரு கிளினிக், ஏஆர்வி வேற ஆஸ்பத்திரி, ஒருத்தர் எழுதினது இன்னொருத்தர் மேசைக்கு வரல.

அந்த மூணு வாரத்துல அண்ணன் ஊசி பகிர்ந்த அளவு அதுக்கு முந்தின ஆறு மாசத்துல இல்ல. பாசிட்டிவ்னு தெரிஞ்சவரு, தினமும் மாத்திரை போடறவரு, சின்னவனுக்காக பங்க விட்டவரு. கியான் வந்தா வரிசையாவது ஒண்ணாவது. எங்க கிட் பை மாலை ஆறு மணிக்கு மூடிடும், கியான் ராத்திரி ரெண்டு மணிக்கு வரும். “கீழ கெடந்தது ஒண்ணு, தண்ணில அலசிட்டுப் போட்டேன்”னாரு. கழட்டி மாட்டற ஊசி அது, அந்த வகைல நுனில ரத்தம் தங்கறது ஒட்டின ஊசிய விட பல மடங்கு, அலசினாலும் முழுசா போகாது.

கடைசில ஒரு ஃபார்மசிஸ்ட் அக்காதான் ரெண்டு சீட்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்து கண்டுபுடிச்சாங்க. கொஞ்சம் கொஞ்சமா 95க்கு ஏத்தினாங்க, ரெண்டே வாரத்துல ஆளு வேலைக்குப் போனாரு. (இப்ப வர்ற டோலுடெக்ராவிர்ங்கற எச்ஐவி மருந்துல மெத்தடோனோட இந்த இழுபறி இல்ல.)

இதே மாதிரி இன்னொரு சறுக்கல் தைப்பூசத்துக்கு. நெறைய பேரு 48 நாள் விரதத்துல ஃபிட்ட விட்டுடலாம்னு மாலை போடுவாங்க, பாதி பேரு உண்மையாவே தாக்குப் புடிப்பாங்க, நான் கிண்டல் பண்ணல. அண்ணன் மெத்தடோனையும் சேத்து நிறுத்திட்டாரு, சாமிக்கு முன்னாடி எதுவும் கூடாதாம். பத்துமலைல பால்குடம் எறக்கி மாலை கழட்டின மூணாம் நாளு வேற ஏரியா போர்ட்டுல, தெரியாத ஆளுங்களோட. ஒடம்பு பழைய அளவத் தாங்காதுங்கறதால அங்கேயே மயங்கிட்டாரு, அதிர்ஷ்டம் யாரோ ஆம்புலன்ஸ் கூப்பிட்டாங்க. அந்த எடத்துல கடைசில போட்டீங்களான்னு கேட்டேன். “அங்க யாரும்மா என்ன தெரியும்? சொல்லவும் இல்ல, கேக்கவும் இல்ல.”

“இனிமே நான் முதல்ல போடலாமா?”

2017ல வைரல் லோட், அதாவது ரத்தத்துல இருக்கற எச்ஐவி அளவு, கண்டுபுடிக்க முடியாத அளவுக்கு எறங்கிடுச்சு. கிளினிக்ல யூ ஈக்குவல்ஸ் யூ (கண்டுபுடிக்க முடியாத அளவுன்னா பரவாது) போஸ்டர் பாத்துட்டு வந்து கேட்டாரு, “எனக்கு செத்துப் போச்சாம்லம்மா, இனிமே நான் முதல்ல போட்டுக்கலாம்ல?” அஞ்சு வருஷமா கம்மி பங்கு எடுத்த மனுஷன் கேக்கற கேள்வி அது, சிரிப்பு வர்ற கேள்வி இல்ல.

நான் சொன்ன பதில்: அந்த ஆராய்ச்சிங்க தம்பதிங்க மத்தியில, உடலுறவப் பத்தி. மருந்து ஒழுங்கா சாப்ட்டு வைரல் லோட் எறங்கினவங்ககிட்டேர்ந்து ஆணுறை இல்லாமலே ஜோடிக்குப் பரவலன்னு 2016லயும் 2019லயும் வந்த பார்ட்னர் ஆய்வு முடிவுங்க காட்டுச்சு (ரெண்டாவது அப்ப வரல, அப்புறம் சொன்னேன்). ஊசியப் பத்தி அதே உறுதிய அந்த ஆய்வுங்க குடுக்கல, ஆபத்து ரொம்ப கொறையும்னு எதிர்பாக்கலாம், பூஜ்யம்னு சொல்ல மாட்டேன். அப்புறம் உங்ககிட்ட ஹெப் சி வேற இருக்குண்ணே, ஏஆர்வி அத ஒண்ணும் பண்ணாது. பொண்டாட்டி விஷயத்துல நிம்மதியா இருங்க, அது வேற இது வேற. அவங்க ஏற்கெனவே டெஸ்ட் எடுத்து நெகட்டிவ், இன்னிக்கு வரைக்கும் நெகட்டிவ்தான்.

வரிசைய விடுங்க, மூடிய தனியாக்குங்கன்னு சொல்லி அன்னிக்கு உக்காந்து பிளாஸ்டிக் மூடில ஒண்ண அவருக்குன்னு குறி போட்டோம். நெயில் பாலிஷ் சிவப்பு, ஊசி கட்டைலயும் ஒரு பொட்டு. பாங்குக்கு பச்சை. கரைச்ச உடனே, யாரும் போடறதுக்கு முன்னாடியே, புது ஊசியால ஆளாளுக்கு மூடில பிரிச்சிடணும். மூணாவது தடவயே அவங்களே செஞ்சாங்க, சண்டையும் கொறைஞ்சதாம். நான் பாஸ்கிட்ட ஃபார்ம்ல “மூடி, பஞ்சு, தண்ணி பகிர்ந்தாரா”ன்னு ஒரு வரி சேக்கச் சொல்லி ரெண்டு மீட்டிங் சண்டை போட்டேன், மூணாவதுல சேத்தாங்க.

2018லேர்ந்து அரசாங்க ஆஸ்பத்திரில ஹெப் சிக்கு வாய் வழி மாத்திரை இலவசமா வந்துச்சு, அதுக்கு முந்தின வருஷம் அரசாங்கம் சோஃபோஸ்புவிர் காப்புரிமைய தாண்டி மலிவா வாங்க வழி பண்ணினதால. அண்ணன் 2019ல 12 வாரம் சாப்ட்டு முடிச்சாரு, கிருமி போச்சு. திரும்ப வரலாம்ணே, அம்மை மாதிரி ஒரு தடவ வந்தா போதும்னு இல்லன்னு சொல்லி அனுப்பினேன். பாங் சிகிச்சைக்கு முன்னாடியே கல்லீரல் போய் எறந்துட்டாரு.

சின்னவனுக்கு 2015லயே பாசிட்டிவ் வந்துடுச்சு, இவ்ளோ நேரம் சொல்லாம தள்ளிட்டே வந்தேன். அவனும் இப்ப ஏஆர்வில இருக்கான், ஒரே ஆஸ்பத்திரி, சில மாசம் ரெண்டு பேரும் ஒரே காலைல நம்பர் எடுத்து உக்காந்திருப்பாங்க. அங்கதான் அவனுக்கு அண்ணனப் பத்தித் தெரிஞ்சது. அவன் அண்ணன்கிட்ட ஒண்ணும் கேக்கல. அண்ணன் என்கிட்ட கேட்டாரு, ஆஸ்பத்திரி எதிர்ல மாமாக் சாப்பாட்டுக் கடைல, தே தாரிக் டீ ஆறி ஆடை கட்டற வரைக்கும் கையில வெச்சுக்கிட்டு: “அந்த மூடியாலயா?”

மூடியால ஒட்டறது ஊசிய விட கம்மிண்ணே, அவன் அந்த வருஷம் நாலு போர்ட்டுல போட்டான், சீட்டக் காட்டிட்டு எங்கெல்லாம் போனானோன்னு சொன்னேன். எல்லாம் உண்மைதான். அவரு கேட்டுக்கிட்டாரு, சின்னவன் காசையும் சேத்துக் குடுத்துட்டு எழுந்தாரு.